உருக்கிப் பார்க்க முடியாதது

செவ்வாய்ப்பேட்டையில் எனக்கு டச் பார்க்கும் கடை.
கொலுசுப் பட்டறைக்காரர்கள் கொண்டுவரும் கட்டியில்
ஓர் ஓரம் வெட்டி, உருக்கி,
எழுபத்தெட்டு, அறுபத்தைந்து என்று
துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன்.
யாரும் என்னிடம் பேரம் பேசியதில்லை.
வேண்டுமானால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

மூன்று மணிக்கு மேல்
அதே மேஜையில் கேமரா.

செம்மடுவு எட்வின்
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்திருந்தான்.
மஞ்சள் பை, பைக்குள் துண்டு,
துண்டுக்குள் குரங்குக் குல்லா,
குல்லாவுக்குள் லைக்கா.
"எஸ்டேட் பங்களாவுதுங்க மேடம்.
துரை கப்பல் ஏறுறப்ப சமையக்காரருக்குக் குடுத்தது.
இப்ப அவரு பேத்திக்குக் கல்யாணம்."

துரை, கப்பல், கல்யாணம்.
இத்தனை முடிச்சோடு ஒரு கதை வந்தால்
நான் கண்ணாடியை மாட்டிக்கொள்வேன்.

எடை சரிதான். எடை எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.
மேல்தகட்டில் பெயர் கொஞ்சம் குண்டாக இருந்தது,
தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை போல.
வரிசை எண்ணோ யுத்தத்துக்கு முந்தியது.
அந்த வருஷத்து லைக்கா
இருபது, முப்பது, நாற்பது, அறுபது என்று
தன் இஷ்டத்துக்கு எண்ணும்.
இது இருபத்தைந்து, ஐம்பது, நூறு என்று
வாய்ப்பாடு ஒப்பித்தது.

லென்ஸைத் திருகிக் கழற்றினேன்.
உள்ளே, மேலாக, தூரம் அளக்கும் சின்னக் கை.
ஜெர்மன்காரன் அதன் நுனியில் ஓர் உருளை வைத்தான்.
ரஷ்யாக்காரன் வைத்தது சாய்ந்த நாக்கு.
மேலே தங்கமுலாம் பூசலாம்,
பாம்புத்தோல் ஒட்டலாம்,
கழுகு முத்திரைகூடக் குத்தலாம்;
நாக்கு தாய்மொழியில்தான் பேசும்.

"ஜோர்க்கி," என்றேன்.
"பேர் மாத்திக்கிட்ட ஜோர்க்கி. நாலாயிரம் தரலாம்."

எட்வின் கூசவில்லை.
நான் வாங்கி வைத்திருந்த தட்டுவடை செட்டில் ஒன்றை எடுத்து
பீட்ரூட் சிந்தாமல் கடித்தான்.
"இது பழைய வேலைங்க மேடம், அதான் மாட்டிக்கிச்சு.
இப்பல்லாம் அந்த நாக்கையே அறுத்துட்டு
உருளை வெச்சுடறாங்க.
தொறந்து பாத்தாலும் தெரியாது."
பணத்தை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு
ஐந்தரை பஸ்ஸுக்கு ஓடினான்.

என் அலமாரியில் மேல்தட்டு, நடுவில்
ஒன்று இருக்கிறது.
அயோத்தியாப்பட்டணத்தில், எட்டு வருஷம் முன்பு,
என் ஸ்கூட்டியை விற்று வாங்கியது.
அதற்கும் ஒரு கதை உண்டு. நல்ல கதை.
அதன் லென்ஸை மட்டும் நான் கழற்றியதே இல்லை.
தூசி போய்விடும் என்று
எனக்கு நானே சொல்லிக்கொள்வது வழக்கம்.

இரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் திருகினேன்.
மரை இறுகி இருந்தது. பிறகு இளகியது.

உருளை.
வட்டமான, சுத்தமான, சுழலுகிற உருளை.

அரை நிமிஷம், கடைத்தெரு முழுக்க
யாருக்காவது போன் செய்து சொல்லவேண்டும் போல இருந்தது.
பிறகு லூப்பை எடுத்து
உருளையைப் பிடித்திருக்கும் ஊசியைப் பார்த்தேன்.
மற்றதைவிடக் கொஞ்சம் புதிதாய் மினுங்குகிறதா?
விளக்கை மாற்றினேன்.
விளக்கை அணைத்து டார்ச் அடித்தேன்.
உருளை எல்லா வெளிச்சத்திலும்
ஒரே மாதிரி சுழன்றது.

காலையில் முதல் ஆள் பனங்காடு குப்புராஜ்.
கட்டியை வாங்கி வெட்டினேன்.
"என்னம்மா, இன்னைக்கு இவ்ளோ பெருசா வெட்டுறீங்க?"
என்றார்.

வெட்டியதை அடுப்பில் வைத்தேன்.
வெள்ளி எந்தத் தயக்கமும் இல்லாமல்
உருகத் தொடங்கியது.